யாரும் யாரையும் தொடாத பாடம்

பாடநூல் குழு கூடும் அறையில் நீளமான மேசை ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சுழல் நாற்காலிகள். அவை சுழலும், நகராது. அடியில் இருந்த சக்கரங்கள் எப்போதோ கழன்று போய்விட்டன. குழுவும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று டீச்சருக்கு முதல் நாளே பட்டது. பட்டதை வெளியே சொல்லிவிட அவள் என்ன பைத்தியமா? அவள் அங்கே வந்திருந்த காரணமே வேறு.

அவளுக்கு வேண்டியது இடமாறுதல். வேலை ஓர் ஊரில், கணவரும் மகளும் இன்னோர் ஊரில். சனிக்கிழமை பஸ் ஏறிப் போவாள், ஞாயிற்றுக்கிழமை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டு அலுத்துப்போன சமயத்தில்தான், ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் விசைகள் பாடத்தை எழுதித் தர ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. ஓய்வறையில் கணக்கு வாத்தியார் காதோடு காதாகச் சொன்னார்: "போங்க டீச்சர். அந்தக் குழுவோட தலைவர்தான் இடமாறுதல் ஃபைலையும் பாக்கறாரு. அவரு மனசு வெச்சா அடுத்த வருஷம் நீங்க வீட்டுல இருந்தே பள்ளிக்கூடம் போகலாம்."

போனாள். பாடத்தையும் ஆசையாகவே எழுதினாள். ஒன்றை நகர்த்த வேண்டுமானால் தள்ள வேண்டும், அல்லது இழுக்க வேண்டும். தொட்டுத் தள்ளினால் தொடு விசை. தொடாமலே இழுத்தால் தொடா விசை. இதில் குழப்பிக்கொள்ள என்ன இருக்கிறது? குழந்தைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் நால்வர் உட்கார்ந்து குழப்ப முடியும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அந்த நால்வரைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. தலைவர் தவளையின் தொடைத் தசையில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். அதற்குப் பிறகு அவர் தவளையையும் பார்க்கவில்லை, ஆராய்ச்சியையும் பார்க்கவில்லை. ஃபைல் மட்டும்தான் பார்த்தார். அவருக்கு வலப்பக்கம் மொழி வல்லுநர். எல்லோரும் அவரைப் புலவர் என்றார்கள், அவரும் மறுக்கவில்லை. இடப்பக்கம் குழந்தைகள் நல அலுவலர். எந்த வாக்கியத்தையும் "ஒரு குழந்தையோட பார்வையில இருந்து பாத்தா" என்று தொடங்குகிற அம்மாள். மேசையின் கடைசியில், ஒப்புக்குச் சப்பாணியாக, ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர். காதில் மாட்டியிருந்த கருவியைக் கூட்டம் தொடங்கியதும் அணைத்துவிடுவார். டீ வரும்போது தானாகவே விழித்துக்கொள்வார்.

குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஆட்சேபம் சொன்னால் அதை நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தால் சொன்னவர் மேலிடத்துக்குப் போய்விடுவார். மேலிடம் விளக்கம் கேட்கும். விளக்கம் எழுதுவதைவிடப் படத்தை மாற்றுவது சுலபம். ஆகவே ஆட்சேபம் வந்தால் உடனே மாற்று, ஏகமனதாக நிறைவேற்று, அடுத்த பக்கத்துக்குப் போ. இந்த முறையில் பல புத்தகங்கள் வெளிவந்திருந்தன. ஒன்றிலும் ஆட்சேபத்துக்குரியது எதுவும் இல்லை. படிப்பதற்கும் பெரிதாக எதுவும் இல்லை.

ஓவியர் முதல் படத்தை மேசைமேல் விரித்தார். தொடு விசைக்கான படம். ஓர் அக்காள் தன் தம்பியை ஊஞ்சலில் உட்கார வைத்து முதுகில் கை வைத்துத் தள்ளுகிறாள். தம்பி வாயெல்லாம் பல்லாக முன்னே போகிறான். நல்ல படம். டீச்சருக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

நல அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரு குழந்தையோட பார்வையில இருந்து பாத்தா, இது கொஞ்சம் சங்கடமா இருக்கு. யாரும் தொட்டா உடனே சொல்லுங்கன்னு நாம குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கோம். இங்க புத்தகத்துலயே ஒருத்தர் முதுகுல கை வெக்கறாங்க."

"அது அவனோட அக்கா மேடம்" என்றாள் டீச்சர்.

"அக்கான்னு படத்துல எங்க எழுதியிருக்கு?"

எழுதியிருக்கவில்லைதான். தலைவர் ஓவியரைப் பார்த்தார். "கையக் கொஞ்சம் பின்னாடி இழுத்துடுங்க. தள்ளி முடிச்ச அப்புறம் இருக்கற மாதிரி."

ஓவியர் பல வருஷமாகக் குழுவுக்குப் படம் போடுகிறவர். ஏன் எதற்கு என்று கேட்கிற வயதெல்லாம் அவருக்குத் தாண்டிவிட்டது. ரப்பரை எடுத்தார், கையை அழித்தார், ஒரு சாண் பின்னால் தள்ளி வரைந்தார். இப்போது அந்தப் பெண் யாரையோ ஆசீர்வாதம் செய்வதுபோல நின்றாள். தம்பி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"சார், தொடு விசைன்னா தொடணுமே" என்று டீச்சர் மெதுவாகச் சொன்னாள்.

"முன்னாடி தொட்டிருப்பாங்கல்ல? அத குழந்தைங்க ஊகிச்சுக்கட்டும். எல்லாத்தையும் நாமளே காட்டிட்டா அப்புறம் அதுங்களுக்கு யோசிக்கற பழக்கம் எப்படி வரும்? ஏகமனதா நிறைவேறிச்சு. அடுத்தது."

அடுத்தது தொடா விசை. லாட வடிவக் காந்தம் ஒன்று. அதை நோக்கிக் குண்டூசிகள் அந்தரத்தில் பாய்ந்து வருகின்றன. இடையில் வெறும் காற்று. டீச்சர் அந்தப் படத்துக்காக ஓவியரிடம் தனியாகப் பேசியிருந்தாள். இடைவெளி நன்றாகத் தெரிய வேண்டும், அதுதான் இதில் உயிர் என்று சொல்லியிருந்தாள். அவரும் அழகாக வரைந்திருந்தார்.

இந்த முறை புலவர் தொண்டையைக் கனைத்தார். "ஊசி காத்துல பறக்குதே?"

"ஆமாம் சார். காந்தம் இழுக்குது."

"இழுக்குதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்? ஊசி தானா பறந்து வருதுன்னா செய்வினை, சூனியம்னுதான் நெனைப்பாங்க. அறிவியல் புத்தகத்துல நாமளே மூடநம்பிக்கைய வளக்கலாமா?"

அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. அதுதான் கொடுமை. இப்படிப்பட்ட இடங்களில் கெட்ட எண்ணத்தோடு யாரும் எதையும் கெடுப்பதில்லை. எல்லோருக்கும் அக்கறை பொத்துக்கொண்டு வரும். டீச்சர் வாதாடப் பார்த்தாள். தலைவர் கையை உயர்த்தினார். "ஆட்சேபம் வந்துடுச்சு. ஊசிய ஒட்ட வெச்சுடுங்க."

ஓவியர் ரப்பரை எடுத்தார். காற்றில் வந்துகொண்டிருந்த குண்டூசிகள் எல்லாம் காந்தத்தின் முனையில் போய்க் கொத்தாக ஒட்டிக்கொண்டன. டீ வந்தது. பேராசிரியர் விழித்துக்கொண்டார்.

டீ குடித்து முடித்த தலைவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு டீச்சரிடம் திரும்பினார். குரலில் ஏமாற்றம்.

"என்ன டீச்சர், மாத்திப் போட்டுட்டீங்களே?"

"எதை சார்?"

"இங்க பாருங்க. இந்தப் படத்துல கை தொடவே இல்ல. ஆனா மேல தொடு விசைன்னு போட்டிருக்கீங்க. இதுல ஊசி காந்தத்தோட ஒட்டிக்கிட்டே இருக்கு. இதுக்குத் தொடா விசைன்னு போட்டிருக்கீங்க. சின்னப் பையன்கூட கண்டுபிடிச்சுடுவான். நல்ல வேளை, அச்சுக்குப் போகறதுக்கு முன்னாடி நான் பாத்தேன்."

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேசையைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. புலவர் படத்தை இழுத்துப் பார்த்துவிட்டு "அட, ஆமாம்" என்றார். நல அலுவலர் தலையை ஆட்டினார். ஓவியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தேவிட்டாள். "சார், காந்தம் ஊசிய ஒட்டறதுக்கு முன்னாடியே இழுக்குது. தூரத்துல இருந்தே இழுக்கறதாலதான் அது தொடா விசை. கடைசியில வந்து ஒட்டிக்கறதப் பாத்து முடிவு பண்ணக் கூடாது. ஊஞ்சல தொடாம தள்ளவே முடியாது. படம் மாறினாலும் விசை மாறாது சார்." மூச்சு வாங்க, பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

பேராசிரியர் காதுக் கருவியைத் திருகினார். கேள்வியை அவருக்கு மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. வருஷக்கணக்கில் யாரும் அவரிடம் இயற்பியல் கேட்டதில்லை.

"அடிப்படையா பாத்தா, அணு மட்டத்துல எதுவும் எதையும் தொடறதே இல்ல. நான் இந்த மேசையில கை வெச்சிருக்கேனே, இதுகூட தொடல. எலக்ட்ரான் எலக்ட்ரானத் தள்ளுது, அவ்வளவுதான். நடுவுல இடைவெளி இருந்துகிட்டேதான் இருக்கும். தொடுதல்னு ஒண்ணு கிடையாதும்மா. அது நம்ம கண்ணுக்குத் தெரியற தோற்றம்." சொல்லிவிட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆறாம் வகுப்புக்கு அது எந்த விதத்திலும் உதவாது என்பதைத் தவிர. ஆனால் தலைவருக்கு உதவியது. அவர் முகம் தெளிந்துவிட்டது.

"கேட்டீங்களா? பேராசிரியரே சொல்லிட்டாரு, ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லன்னு. அப்ப எப்படிப் போட்டாலும் சரிதானே? படத்துக்குப் பொருந்தற மாதிரி போட்டுடுவோம்."

"நான் அப்படிச் சொல்லலையே" என்று பேராசிரியர் தொடங்கினார். அதற்குள் அது ஏகமனதாக நிறைவேறிவிட்டது. அவர் கருவியை அணைத்துவிட்டார்.

மதிய இடைவேளையில் டீச்சர் மாடிப்படியில் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள். அன்று அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

"அம்மா, அப்பா போட்ட ஜடை ஒண்ணு மேல இருக்கு, ஒண்ணு கீழ இருக்கு. நேத்து கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. நீ எப்பம்மா ஒரேயடியா வருவ?"

"சீக்கிரம் வந்துடுவேன் கண்ணு."

"போன வருஷமும் இதேதான் சொன்ன."

கணவர் போனை வாங்கினார். உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறவர், எதையும் பெரிதாக்கத் தெரியாத மனிதர். "ஒண்ணும் இல்ல, நேத்து ராத்திரி லேசா காய்ச்சல். இப்ப விட்டுடுச்சு. உன்ன கேட்டா. நீ கவலப்படாத" என்றார். கவலைப்படாதே என்று சொன்னால் எந்தத் தாய்தான் கவலைப்படாமல் இருப்பாள்? காய்ச்சலில் மகள் நம்மைத் தேடியிருக்கிறாள், நாம் இங்கே ஊசி பறக்கலாமா கூடாதா என்று மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தலைவர் நின்றிருந்தார். அவர் அவளை மிரட்டவில்லை. அந்த மாதிரி மனிதரே இல்லை அவர். டம்ளரை அலம்பிக்கொண்டே பேசினார்.

"உங்க ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. பாவம், குழந்தை வேற அங்க அம்மா இல்லாம இருக்குன்னு எழுதியிருந்தீங்க. படிச்சப்ப எனக்கே கஷ்டமாயிடுச்சு. நல்லா ஒத்துழைக்கறவங்களுக்கு ஏதாவது செய்யணும்னுதான் நானும் நெனைக்கறேன். பாடத்த மட்டும் படத்துக்கு ஏத்த மாதிரி நீங்களே ஒரு தடவ எழுதிக் குடுத்துடுங்க. வேற யாராவது எழுதினா உங்க நடை வராது."

டீச்சர் தலையை ஆட்டினாள். எவ்வளவு நேரம் யோசித்தாள் என்று கேட்டால், தலையை ஆட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான்.

எழுதினாள். அதிலும் ஒரு வேடிக்கை. முதலில் எழுதிய சரியான பாடத்தைவிட இரண்டாவதாக எழுதிய தப்பான பாடம் சரளமாக வந்தது. 'காந்தத்தில் குண்டூசி ஒட்டிக்கொள்கிறது. எனவே காந்த விசை ஒரு தொடு விசை. ஊஞ்சலைத் தள்ளிய பின் கை விலகி நிற்கிறது. எனவே தள்ளுதல் ஒரு தொடா விசை.' புலவர் படித்துவிட்டு, இவ்வளவு தெளிவான நடையைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ஓர் ஒற்றெழுத்தைக்கூட அவர் திருத்தவில்லை.

தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. கோடை விடுமுறை முடியும் முன்பே இடமாறுதல் ஆணை வந்துவிட்டது. அதுவும் எங்கே? மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கே. டீச்சர் மூட்டை முடிச்சோடு வீட்டில் வந்து இறங்கியபோது மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. கணவர் வாசலில் நின்று சும்மா சிரித்துக்கொண்டே இருந்தார். தான் செய்ததெல்லாம் இதற்காகத்தான், இதைவிட என்ன பெரிய விஷயம் உலகத்தில் என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சத்தமாகச் சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

பள்ளி திறந்ததும் புதுப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் குழுவினர் பெயர்களுக்குக் கீழே டீச்சரின் பெயரும் இருந்தது. மகள் அந்த வருஷம் ஆறாம் வகுப்பு. பெயரைப் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள். "எங்க அம்மா போட்ட புக்கு." பால் ஊற்ற வந்தவருக்குக்கூடக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரு மாலை, சமையலறை மேசையில் மகள் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். டீச்சர் தையல் பெட்டியிலிருந்து குண்டூசிகளை எடுத்துக் கொட்டினாள். அவளுக்குக் கை சும்மா இருக்காது. வாத்தியார் கை அப்படித்தான்.

"கிட்ட கொண்டு போ. ஆனா தொடக் கூடாது. மெதுவா, மெதுவா. இப்ப பாரு."

குண்டூசி ஒன்று துள்ளிக்கொண்டு போய்க் காந்தத்தில் விழுந்தது. மகள் கத்தினாள். "அம்மா! தொடறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு!" நடுவில் காகிதத்தை வைத்துப் பார்த்தாள், காகிதத்துக்கு அடியில் காந்தத்தை ஓட்டினாள், மேலே ஊசி தானாக நடந்தது. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கத்தான் டீச்சர் வாத்தியார் வேலைக்கே வந்தாள்.

பிறகு மகள் புத்தகத்தை எடுத்துவந்தாள். அந்தப் பக்கத்தை விரித்தாள். படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"அம்மா, இதுல மாத்திப் போட்டிருக்காங்க."

டீச்சர் மேசையில் கிடந்த ஊசிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"அச்சடிக்கறவங்க தப்பு பண்ணிட்டாங்க போல. உனக்குத் தெரிஞ்சிருந்தா சும்மா விட்டிருக்க மாட்ட, இல்ல?"

"பரீட்சையில புக்ல இருக்கறத எழுது. அதுக்குத்தான் மார்க்கு" என்றாள் டீச்சர். இதைச் சொல்லும்போது ஊசிகளைப் பெட்டியில் அள்ளிப் போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

மகள் இருந்த வகுப்பிலும் அவள் புத்தகத்தில் இருப்பதைத்தான் நடத்தினாள். கேள்வி கேட்க வாய்ப்பில்லாதபடி வேகமாக நடத்தினாள். பரீட்சை வந்தது. மேலிடத்திலிருந்து விடைக்குறிப்பும் வந்தது, புத்தகத்தை அப்படியே பார்த்துத் தயாரித்தது. ஆசிரியர்களின் சொந்தப் பிள்ளைகள் எழுதிய தாள்களைத் தலைமையாசிரியர் தாமே ஒருமுறை சரிபார்ப்பார். சலுகை காட்டிவிடக் கூடாது என்பதற்காக. மிகவும் நேர்மையான பள்ளிக்கூடம் அது.

டீச்சர் தாள்களைத் திருத்தினாள். காந்த விசை எவ்வகை விசை, காரணம் கூறுக. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் தொடு விசை என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சரி போட்டாள். பிறகு மகளின் தாள் வந்தது. குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து.

'காந்த விசை தொடா விசை. ஊசி தொடுவதற்கு முன்பே குதித்து வருவதை நான் என் கண்ணால் பார்த்தேன். புத்தகத்தில் தவறாக அச்சாகிவிட்டது. எங்கள் டீச்சரைக் கேட்டால் சொல்லுவார்.'

ஓய்வறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ எதற்கோ சிரித்தார்கள். டீச்சர் சிவப்புப் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். சரி போட்டால் தலைமையாசிரியர் கேட்பார். அப்போது சொல்லலாம். சொன்னால் புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டிவரும். எழுதினால் முதல் பக்கத்தில் இருக்கும் பெயர்கள் வரும், யார் எழுதியது என்று வரும், தலைவர் வருவார், இடமாறுதல் ஆணை திரும்பவும் அவர் மேசைக்குப் போகும். இத்தனையும் ஒரு குண்டூசிக்காக. அவள் தப்பு என்று குறுக்கே கோடு போட்டாள். தலைமையாசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, சொந்தப் பிள்ளை என்றும் பார்க்காமல் திருத்தியிருக்கிறீர்களே என்று மற்ற ஆசிரியர்கள் முன்னால் பாராட்டினார்.

அன்று மாலை மகள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். சமையலறை மேசையில் தாளை நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது அச்சுல வந்த தப்பு இல்லையாம்மா?"

டீச்சர் பொய் சொல்லப் பார்த்தாள். தாளில் இருந்த அந்தக் கடைசி வரி கண்ணில் பட்டது. முடியவில்லை. "இல்ல."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"உன்கூட இருக்கணும்னுதான் கண்ணு. இத எழுதிக் குடுத்தாதான் இங்க மாத்துவாங்க. நீ எப்ப வருவ, எப்ப வருவன்னு கேட்டுட்டே இருந்தியே."

மகள் யோசித்தாள். அவள் எதையும் அவசரமாக யோசிக்கிறவள் இல்லை. தாளை நான்காக மடித்தாள்.

"அப்ப கிளாஸ்ல எல்லாரும் தப்பா எழுதினது என்னாலதானா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், பிறகு யாரால் என்று அடுத்த கேள்வி வரும். டீச்சர் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.